பூட்டிய கூட்டில் முட்டை காணோம்

காலை ஏழரை. வித்துராவில் யோசுவாவின் கோழிக்கொட்டகைப் பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே முட்டைகளைத்தான் காணோம். இரண்டு வாரமாக இதே கதை.

கொட்டகையைச் சுத்தம் செய்ய வரும் ரெம்யாதான் எடுக்கிறாள் என்று யோசுவா முடிவுகட்டிவிட்டார். போலீசுக்குப் போகுமுன், கிழக்கேகோட்டையிலிருந்து டாக்டர் பத்மஜாவை வரவழைத்திருந்தார். முட்டைக்கோழிகளின் மரபியலைக் கரைத்துக் குடித்தவள்; ஆனால் அக்ரஹாரத்துக்காரி, ஒரு முட்டையை வாயில் வைத்ததில்லை. முட்டைத் திருட்டை விசாரிக்க இவளைவிட நடுநிலையான ஆள் எங்கே கிடைப்பாள்?

“சாவி யார்ட்ட இருக்கு?”

“எனக்க கைல ஒண்ணு. அவ கைல ஒண்ணு.”

“கோழியெல்லாம் முட்டைப்பெட்டிக்குப் போறதோ?”

“காலைல கேறினா சாயங்காலம்வரை இறங்காது, டாக்டர். முட்டையைத்தான் காணல்ல.”

“அடை கிடக்கறதோ என்னவோ.”

“எனக்க கோழியா? அப்பா காலத்துலேருந்து இந்த வம்சம் அடை கிடந்ததில்ல. அவ வீட்ல போய்ப் பாருங்க. வளக்கது நாட்டுக்கோழி, முட்டை கூடை நிறைய. நாட்டுக்கோழி அப்படி இடுமா?”

வாசலில் நின்ற ரெம்யாவின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. “அது எனக்க கோழி இட்டது, மேடம். திருடிண்ணு பேரு விழுந்தா இந்த ஊர்ல எவரு எனக்கு வேலை தருவாவ?”

பத்மஜா முட்டைப்பெட்டி முன் குனிந்தாள். பெட்டிக்குள் கைவிட்டாள். கோழி உறுமிக்கொண்டே கொத்தியது. கொண்டை வெளுத்திருந்தது. மார்பில் இறகு உதிர்ந்து வெறும் தோல் சுட்டது. அடுத்தடுத்த பெட்டிகளிலும் அப்படியே.

கொட்டகை நடுவே ஒரு தாமிர நிறச் சேவல் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உலாத்தியது.

“இவன் புதுசோ?”

யோசுவா நெஞ்சை நிமிர்த்தினார். “போன வருஷம் சர்ச்சுல அறுப்பின் பண்டிகை. ஆண்டவருக்கு நல்லதையில்லா கொடுக்கணும்? பழைய சேவலைப் படைச்சேன். படைச்சதையெல்லாம் அங்கேயே ஏலம் போடுவாவ; அதுல இவனைப் பிடிச்சேன். இப்ப முட்டையிடுகது எல்லாம் இவனுக்க மக்கதான்.”

பத்மஜா சிரித்துவிட்டாள்.

“திருடன் அகப்பட்டுட்டான், யோசுவா. அதோ உலாத்தறானே, அவன்தான். அடை கிடக்கற குணத்துல பெரும்பங்கு பெட்டைக்கு அப்பன் வழியாத்தான் வர்றது. அம்மா எத்தனை நன்னா முட்டை போட்டாலும் அந்தப் பங்கை அவளால பொண்ணுக்குக் கொடுக்க முடியாது. நீங்க சேவலோட வாலைப் பார்த்தேள், வம்சத்தைப் பார்க்கலை. உங்க கோழி அடை கிடக்காதுன்னு நம்பி, கண்ணெதிரே கிடக்கறதையும் பார்க்கலை. அடை கிடக்கற கோழி முட்டை போடாது. முட்டையை யாரும் எடுக்கலை. போட்டாத்தானே எடுக்க?”

“அப்ப அவ வீட்டு முட்டை?”

பத்மஜா திரும்பினாள். “ரெம்யா, நாட்டுக்கோழி அடை கிடக்காம கூடை நிறையப் போடறதுன்னா, அப்பன் இவரோட பழைய வம்சமாத்தான் இருக்கணும். அந்தப் பழைய சேவலை ஏலத்துல எடுத்தது நீதானே?”

“ஆமா, மேடம். கிழவன்ணு ஒருத்தரும் கேக்கல்ல. கறிச்சட்டிக்குப் போவாண்டாம்ணு எடுத்தேன். எனக்க கோழியெல்லாம் அவனுக்க மக்க.”

யோசுவா ரெம்யாவின் பக்கம் திரும்பினார். தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“தப்பு எனக்கதுதான், மோளே. அவனுக்க சேவக்குஞ்சு ஒண்ணு தருவியா?”

“தாறேன். ஆனா நீங்க எனக்க வீட்டுக்கு வந்து வாங்கணும். எல்லாரும் பாக்க, சந்தை வழியா.”

யோசுவா கூடையை எடுத்துக்கொண்டார். சந்தை நிறைந்திருந்த நேரம். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடமெல்லாம் நின்று சொன்னார்: “ரெம்யாகிட்ட குஞ்சு கேக்கப் போறேன்.”