தண்ணீர் கொட்டாத இடம்

"எங்களுக்கு வேற அறை வேணும். கீழ எங்கயாவது."

கேட்கவே கூடாது என்று புசி சித்தி சொல்லியிருந்ததை நொசிபோ கேட்டேவிட்டாள். மேல் தளம், முன் வரிசை, பெரிய சன்னல்! அந்த அறையைப் பற்றி சித்தி டர்பன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாளே!

கப்பலின் நடுக்கூடத்தில், வரவேற்பு மேசையில் இருந்த அயாண்டா சிரித்தாள். "எல்லா அறையும் நிறைஞ்சிருக்கு, கண்ணு. எல்லாரும் மேலதான கேப்பாங்க?"

"என் தம்பி தண்ணி குடிச்சாக்கூட வாந்தி எடுக்குறான்கா."

கப்பல் எழும்பி விழுந்தது. அயாண்டாவின் டம்ளர் தண்ணீர் லேசாக நெளிந்தது, அவ்வளவுதான்.

"இது ஏன் கொட்டல? எங்க அறையில டம்ளர் பறந்து சித்தி மடியில விழுந்துச்சு!"

"எனக்கென்ன தெரியும்?"

வேறு எங்கெல்லாம் கொட்டாது என்று பார்க்க, நொசிபோ அந்த டம்ளரை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

கப்பலின் பின்பக்கம் சாப்பாட்டுக் கூடம். பரிமாறுகிறவர்கள் மேசைவிரிப்புகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவள் டம்ளரும் தளும்பி ஒருவர் சட்டையை நனைத்தது.

"நாங்க மேசைய நனைச்சா, நீ எங்கள நனைக்கிறியா?"

"மன்னிச்சுக்கோங்க அண்ணா! மேசைய எதுக்கு நனைக்கிறீங்க?"

"ஈரத் துணியில தட்டு வழுக்கி ஓடாது."

முன்பக்கம் போனாள். அவள் சட்டைக் கையே நனைந்தது. நடுப் படிக்கட்டில் இறங்கினாள். இறங்க இறங்கத் தண்ணீர் அடங்கியது. அடித்தளத்தில், படிக்கு அடியில் இருந்த கம்பளத்தில் டம்ளரை வைத்தாள். ஒரு சொட்டுகூடக் கொட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஏறி இறங்கி விளையாடும் சீசாப் பலகை நினைவுக்கு வந்தது. முனையில் உட்கார்ந்தால்தானே குதிக்கும்? நடுவில் உட்கார்ந்தால் குதிக்காதே!

அறைக்கு ஓடினாள். தம்பி சனேலே வாளியைக் கட்டிப்பிடித்திருந்தான். சித்தி கட்டிலைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

"வேற அறை கேட்டேன் சித்தி. இல்லையாம். படிக்கட்டுக்கு அடியில இடம் பாத்துட்டேன்."

"கேட்டியா! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இந்தச் சன்னல விட்டுட்டுப் படிக்கட்டுக்கு அடியிலயா? யாராவது பாத்தா மானம் போயிடும்!"

"பாக்கட்டும். சன்னலப் பாத்தா வாந்தி நிக்குதா?"

"அக்கா, அங்க ஆடாதா?" சனேலே முனகினான்.

"ஆடும். தூங்குற பூனையோட வயிறு மாதிரி."

அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். தலையணைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"நொசிபோ! நான் வரமாட்டேன்!"

"சரி சித்தி. உங்க தலையணையையும் சேத்துத்தான் எடுத்துட்டுப் போறேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.