ஏலத்து வண்டியில் சாம்பிராணி

"சார், ஃப்ரீவேல வண்டி தானா நின்னுபோச்சு. நானா நிறுத்தல." சிவராமகிருஷ்ணன் முன் வந்து உட்கார்ந்ததிலிருந்து வேலுமணி இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

பின்னால் வந்த லாரி மோதியதில் பக்கத்து சீட்டிலிருந்த அவன் மனைவி வள்ளி அங்கேயே செத்துப்போனாள். நெடுஞ்சாலையின் நடு லேனில் வேண்டுமென்றே பிரேக் அடித்தான் என்றது போலீஸ். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை, தீர்த்துவிட்டான் என்றான் வள்ளியின் அண்ணன். குற்றம் நிரூபணமானால் வேலுமணிக்கு ஜெயில். மூன்று வயது கவின் அந்த அண்ணன் வீட்டில்தான் வளர வேண்டும்.

சிவராமகிருஷ்ணன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளை விசாரித்தே தலை நரைத்தவர். அவசரப்பட மாட்டார். அவருக்கும் சேர்த்து அவசரப்படுவதற்குச் சட்டம் படிக்கும் நண்பர் மகள் யாமினி கூடவே இருந்தாள்.

போலீஸ் பறிமுதல் செய்யும் வண்டிகளை ஏலத்தில் மலிவாக எடுத்து இந்த வெளிநாட்டு ஊரிலிருக்கும் நம்மவர்களுக்கு விற்பவன் கிட்டுசாமி. இந்த வண்டியும் அவன் விற்றதுதான். ஜூனில் எடுத்தேன், டிசம்பரில் விற்கிறவரை என் பிள்ளைகளோடு நானே ஓட்டினேன், ஒரு குறையும் கிடையாது என்று போலீசில் எழுதிக் கொடுத்திருந்தான். அந்த வாக்குமூலம்தான் வேலுமணியின் கழுத்தை இறுக்கியது.

நசுங்கிய வண்டி கிடந்த யார்டுக்கு எல்லோரையும் வரச் சொன்னார் சிவராமகிருஷ்ணன். கதவைத் திறந்ததும் யாமினி குனிந்து பார்த்தாள். சீட்டுக்கடியில் சாம்பிராணிச் சாம்பல். வேலுமணி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கிட்டு, அக்டோபர்ல உன் வீட்டு ஆயுத பூஜைக்கு நாங்க வந்தோமே," என்றார் சிவராமகிருஷ்ணன். "புல்வெட்டுற மிஷினுக்குக்கூடச் சந்தனம் வச்சிருந்த. பிள்ளைங்க போற இந்த வண்டி மட்டும் வரிசையில இல்லையேப்பா?"

"அன்னிக்கு சர்வீஸ்ல இருந்துச்சுங்க."

"பூஜை அன்னிக்கா? நீயா விட்ட?"

கிட்டுசாமி சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"அங்கிள், அப்ப இவர் அதை வாங்கினதே அக்டோபருக்கு அப்புறம்," என்று யாமினி முந்திக்கொண்டாள்.

"பொறும்மா. அது என் சந்தேகம். சாட்சி இங்க இருக்கு."

பின்சீட்டு பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார். நம் ஜனம் பின்சீட்டில் பெல்ட் போடுவதில்லை. யாரும் அதை இழுத்திருக்கவே மாட்டார்கள். முதலில் சுத்தமாக வந்தது. சுருளின் கடைசி முழம் வெளியே வந்தபோது, காய்ந்த ஆற்றுச் சேறு பொலபொலவென்று அவர் கையில் உதிர்ந்தது.

"செப்டம்பர் வெள்ளத்துல, போலீஸ் ஏல வண்டிங்க நிக்கிற ஆத்தோர யார்டு மூழ்கிச்சு. இது சீட்டு வரைக்கும் தண்ணியில நின்ன வண்டி. கார்ப்பெட்ட மாத்திட்ட, ஒயருக்குள்ள துரு ஏறினத மாத்த முடியுமா? ஓடும்போதே எஞ்சின் செத்திருக்கு. உன் வீடு மேட்டுல. ஜூன்லயே எடுத்திருந்தா இந்தச் சேறு எங்கேர்ந்து வந்துச்சு?"

கிட்டுசாமி தரையைப் பார்த்தே பேசினான். "இருக்கிறபடி எடுத்துக்கன்னுதான் ஏலத்துல குடுத்தாங்க. நானும் அப்படித்தான..."

"வெள்ளத்துல நின்னதுன்னு உனக்குச் சொல்லித்தான் குடுத்தாங்க. நீ இவன்கிட்ட சொன்னியா?"

கிட்டுசாமி வாசல் பக்கம் ஒரு அடி நகர்ந்தான்.

இனி வழக்கு நிற்காது, வக்கீல் பார்த்துக்கொள்வார், கவின் உன்னோடுதான் என்று யாமினி வேலுமணியின் தோளைத் தொட்டாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. சீட்டுக்கடியிலிருந்த சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேத்து நாத்தம் அடிக்குது, இதுல ஏற மாட்டேன்னு வள்ளி தினம் சண்ட போட்டா சார். நான்தான் சாம்பிராணி போட்டு ஏத்தினேன்."

சிவராமகிருஷ்ணன் பெல்ட்டை விட்டார். அது மெல்லச் சுருண்டு உள்ளே போனது.