வெள்ளை வண்டியின் பின் இருக்கை

வண்டியை எடுத்துப் போகும்போது மனைவியோடு போன கணக்கு வாத்தியார், திருப்பி விட வரும்போது தனியாக வந்தார். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் சாவியோடு சேர்த்து ஓர் ஊதா நிறக் குடையையும் மேஜைமேல் வைத்தார்.

"இது வண்டிக்குள்ள கிடந்துச்சும்மா. யாரோடதுன்னு தெரியல. கேட்டு வந்தா குடுத்துடுங்க."

சர்வீஸ் சென்டர் மேஜைக்குப் பின்னால் இருந்த அவளுக்குச் சிரிப்பு வந்தது. முன் சீட்டில் உட்கார்ந்தால் தலை சுற்றும், பின்னால்தான் உட்காருவேன் என்று இதே மேஜைக்கு எதிரே அடம்பிடித்த அந்த அம்மாள், பேச்சுக்குப் பேச்சு இந்தக் குடையைத்தான் கணவர் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"வீட்டம்மா குடை சார் இது. இதைப் போய் மறந்தீங்கன்னா இன்னிக்கு உங்களுக்குச் சாப்பாடு கிடையாது."

"எந்த வீட்டம்மா?" என்றார் வாத்தியார். "எனக்கு ஏதும்மா கல்யாணம்? நல்ல ஆளு போங்க."

விளையாடுகிற முகம் இல்லை அது. புரியாத ஜோக்குக்கு மரியாதைக்குச் சிரிக்கிற முகம். சர்வீஸ் முடிந்த தன் காரை எடுத்துக்கொண்டு அவர் நிம்மதியாகப் போய்விட்டார். குடை மட்டும் மேஜைமேல் கிடந்தது.

அந்த சர்வீஸ் சென்டரில் அவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்குத் தேதி ஒதுக்குவது, பேட்டரி வேலை இழுத்தால் சமாதானம் சொல்வது, வேலை முடியும்வரை ஓட்டிக்கொள்ள மாற்று வண்டி கொடுப்பது, எல்லாம் அவள் தலையில்தான். தேதி கேட்டுத் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள்கூட மாற்று வண்டி உண்டு என்றதும் பசுவாகிவிடுவார்கள். மாற்று வண்டிகள் எங்கே ஓடுகின்றன, எவ்வளவு சார்ஜ், எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்த இருக்கையில் ஆள் இருக்கிறது என்பதெல்லாம் அவள் திரையில் தெரியும். ஆள் உட்கார்ந்தால் அந்த இருக்கை பச்சையாக எரியும். எழுந்தால் அணையும்.

வாத்தியார் விட்டுப்போன வெள்ளை வண்டியை அடுத்ததாக ஒரு தையல்கடைக்கார அம்மா எடுத்துப் போனாள். கூடவே அவள் அப்பா. காது மந்தமான பெரியவர். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "தள்ளி உக்காருங்க" என்று பக்கத்தில் யாருக்கோ சொன்னார். வயசான காலத்தில் இதெல்லாம் சகஜம் என்று மகளும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டார்கள்.

தையல்கடைக்காரி தனியாகத் திரும்பி வந்தாள். கையில் ஒரு மூக்குக்கண்ணாடி. வண்டியில் கிடந்ததாம்.

"அப்பா எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே அவள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

"அப்பாவா? நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாருக்கா. உங்களுக்கு எப்படி எங்கப்பாவைத் தெரியும்?"

மேனேஜரைக் கேட்டாள். அந்தப் பெரியவருக்குக் கதவு திறந்துவிட்டதே மேனேஜர்தான். அவரோ, "லீவு வேணும்னா நேரா கேளும்மா, எதுக்கு இதெல்லாம்" என்றார். எல்லோருக்கும் மறந்துபோனது தனக்கு மட்டும் ஏன் மறக்கவில்லை என்று அவள் யோசித்தாள். சாவியைத் தன் கையால் கொடுத்ததாலா? அந்த நினைப்பு வந்ததும் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலை எல்லோரும் டீக்குப் போன நேரத்தில் சார்ஜ் போடும் கொட்டகைக்குப் போனாள். மின்சார வண்டிக்கு எஞ்சின் சத்தம் கிடையாது. நின்றால் கல். ஆனால் அந்த வெள்ளை வண்டிக்குள்ளிருந்து பெல்ட் போடவில்லை என்று எச்சரிக்கும் மணி விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. பின் கதவைத் திறந்தாள். ஈரத் துணியும் தைல வாசனையும், நெரிசலான பஸ்ஸில் அடிக்குமே அந்த மூச்சுக்காற்றின் வெக்கையும் முகத்தில் வந்து மோதின. இருக்கை காலி. கையை வைத்துப் பார்த்தாள். இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல் சூடு. சூடு மட்டுமல்ல, அவள் கை பட்டதும் மெத்தை மெதுவாக ஒதுங்கியது.

கதவை அறைந்து சாத்திவிட்டு ஓடிவந்தாள். திரையில் அந்த வண்டியைப் பழுது என்று குறித்து, யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நிறுத்திவைத்தாள். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

தங்கையின் காருக்கும் அந்த வாரம்தான் சர்வீஸ் வந்தது. தங்கை, அவள் மகள், டோக்கன் அக்கா, மூன்று பேருக்கும் ஒரே வீடு. தங்கை புருஷன் கப்பலில் வேலை, வந்தால் விருந்தாளி. குழந்தைக்கு வாலு என்று பட்டப்பெயர், பொருத்தம் என்றால் அப்படியொரு பொருத்தம். பிறந்ததும் அதை முதலில் கையில் வாங்கியவள் பெரியம்மாதான். இன்றைக்கும் பெரியம்மா புடவை நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் அதற்குத் தூக்கம் வரும். அவளுக்கு வேறு யாரும் இல்லை. வேறு யாரும் வேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை.

மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். தங்கையும் வாலுவும் வந்து நின்றபோது அவள் ஒரு கோபக்கார வாடிக்கையாளரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மாற்று வண்டிச் சாவிகளை, முன்பதிவு எண் ஒட்டிய உறைக்குள் மெக்கானிக் முன்பே போட்டு வைத்திருப்பான். போனைத் தோளில் இடுக்கியபடி தங்கையின் எண்ணைப் பார்த்து உறையை எடுத்துக் கொடுத்தாள். வாலு எக்கி அவள் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தது. சிரித்துக்கொண்டே கையசைத்துவிட்டு, போனைக் கீழே வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

மழைக்குள் வெள்ளை வண்டி சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"அந்த வண்டிச் சாவியையாடா உறைக்குள்ள போட்ட?" அவள் போட்ட சத்தத்தில் ஒல்லி மெக்கானிக் ஓடிவந்தான்.

"சென்சார் நேத்தே மாத்திட்டேன்க்கா. ஒரு பழுதும் இல்ல. அதான் லிஸ்ட்ல திருப்பிச் சேத்துட்டேன்."

திரையைப் பார்த்தாள். ஓட்டுநர் இருக்கை பச்சை. பின்னால் இடது பச்சை. நடு பச்சை. வலது பச்சை.

தங்கைக்கு போன் போட்டாள்.

"என்னக்கா, அதுக்குள்ள?"

"வண்டிய ஓரமா நிறுத்துடி. வாலுவத் தூக்கி முன்னாடி வச்சுக்கோ. இப்பவே."

"மழை கொட்டுது, நடு மேம்பாலத்துல எங்க நிறுத்துறது? அது பின்னாடி குஷியா யாரோடயோ பேசிட்டு வருது. பொம்மையோடதான் போல."

பின்னாலிருந்து வாலுவின் குரல் கேட்டது. "பெரியம்மா, இந்தத் தாத்தா இடமே விட மாட்டேங்குறாரு."

இணைப்பு அறுந்தது. திரும்பப் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தங்கை எடுத்தாள்.

"சொல்லுக்கா."

"வாலு கிட்டக் குடு. நான் அதுகிட்டப் பேசணும்."

வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"யாருகிட்ட?" என்றாள் தங்கை. "நான் தனியாத்தானே வரேன்."

அவள் அழவில்லை. அழக்கூட நேரமில்லை. வண்டியில் கோளாறு, உடனே திரும்பி வா, வேறு தருகிறேன் என்று எப்படியோ சொல்லி முடித்தாள். தங்கை முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டாள். திரையில் அந்தப் புள்ளி ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வண்டி வந்தது. தங்கை இறங்கினாள். சிரித்த முகம்.

"நல்ல வண்டிதானேக்கா. பின்னாடி எவ்வளவு இடம்!"

பின் கண்ணாடி உள்ளே வெக்கையில் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பில் ஒரு சின்னக் கை தேய்த்தது. தேய்த்த இடத்தில் வாலுவின் ஒரு கண். உதடு அசைந்தது. பெரியம்மா.

"தெரியுதாடி? உன் பொண்ணுடி!"

தங்கை எட்டிப் பார்த்தாள். மெக்கானிக்கும் பார்த்தான். இரண்டு பேரும் பிறகு அவளைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. அதுதான் அவளை உடைத்துப் போட்டது.

கதவைத் திறந்தாள். வாலு இரண்டு கையையும் நீட்டியது. இழுத்தாள். வரவில்லை. ஒரு முழங்காலை உள்ளே வைத்தாள். இடுப்பைச் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு காலும் உள்ளே போனது.

கதவு சாத்திக்கொண்டது.

மழைச் சத்தம் நின்றது. வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

வாலு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. உடம்பு சூடாக இருந்தது. அது போதும் என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் வாத்தியாரின் மனைவி முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்பால் பெரியவர். அவருக்கும் அப்பால் இருட்டில் தோள்கள், இன்னும் தோள்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. நெடுந்தூர பஸ்ஸில் தூங்காமல் வருகிறவர்களின் முகம் எல்லோருக்கும்.

கண்ணாடியை அறைந்தாள். கத்தினாள். கைக்கெட்டும் தூரத்தில் தங்கை நின்று, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தாள். யாருக்காகவோ வந்து, அது யாரென்று மறந்துபோனவளைப்போல. மேனேஜர் வந்தார். அவர்கள் பேசுவது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது.

"சாவி யாருகிட்ட சார் குடுக்கணும்?"

"என்கிட்டயே குடுங்க மேடம். டோக்கன் போடற சீட்டுக்கு ஆள் போடுங்கன்னு நானும் ரொம்ப நாளா கத்திட்டிருக்கேன்."

தங்கை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் நடந்து போனாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அதே சாவியை மேனேஜர் இன்னொருவர் கையில் கொடுத்தார். இளம் ஜோடி. அந்தப் பெண்ணின் தோளில், துண்டில் சுற்றிய பச்சைக்குழந்தை. "பின்னாடி உக்காந்துக்கோ, அதுதான் பாதுகாப்பு" என்றான் கணவன்.

வேண்டாம் என்று அவள் அலறினாள். கதவு திறந்தது. குளிர்காற்று வந்தது. அந்தப் பெண் அவளை ஊடுருவி உள்ளே பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"தள்ளி உக்காரும்மா," என்றார் பெரியவர். "ஆளு ஏறுது."

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் நகர்ந்தார்கள். வாலுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவளும் தள்ளி உட்கார்ந்தாள்.