விறைக்காத தொடை

கொக்கியில் தொங்கிய தொடை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

அறுத்த கறி துடிப்பது, இரும்புலியூரில் மாட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் உமருக்குப் புதிதில்லை. கொஞ்ச நேரம் துள்ளும், அடங்கும், பிறகு சூடு தணிந்து கட்டையாக விறைத்து, மறுநாள்தான் இளகும். ஆனால் இது விடியற்காலை அறுத்தது. சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கும் சொல்லியாயிற்று, வெளியே மழையும் ஜிஎஸ்டி ரோட்டு ஹாரன்களும் ஓய்ந்தபாடில்லை, இறக்கிவிட்ட ஷட்டருக்குள் பினாயிலையும் மீறி இளஞ்சூட்டு ரத்த வாடை, அந்தத் தொடையோ தூங்கும் பிள்ளையின் வயிறு மாதிரி மெத்தென்று வெதுவெதுத்தது.

தப்பு அவனுடையதுதான். வந்திறங்கிய மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டு, ஒரு ராத்திரி நிம்மதியாக நிற்கவிட்ட பிறகே அறுப்பான். கத்தியைக்கூட அதன் கண்ணில் படாமல்தான் தீட்டுவான். நாளை மகள் கைனாத்துக்கு நிக்காஹ், பிரியாணிக்குக் கறி வேண்டும், வண்டியோ தாமதம். இறக்கியதும் மாடு மிரண்டு ரோட்டில் ஓடியது. துரத்திப் பிடித்து, அதன் மூச்சு அடங்குமுன்பே அறுத்துவிட்டான். அது கொஞ்சம் களைப்பாறட்டும் என்று மனைவி அக்தர் பேகம் கெஞ்சினாள். கேட்கவில்லை.

களைப்பாறிய மாட்டின் சதையில் மிச்சமிருக்கும் சத்துதான் உள்ளே புளித்துக் கறியைச் சிவக்கவைக்கும். மிரண்டு ஓடிய மாட்டில் அது மிஞ்சாது. கறி கறுக்கும், பிசுபிசுக்கும், சீக்கிரமே விறைத்தும்விடும். முதலில் தாடை, அப்புறம் கால்.

இது கறுத்திருந்தது. பிசுபிசுத்தது.

விறைக்கவில்லை.

வரவேண்டிய விறைப்பு எங்கே போய்த் தொலைந்தது என்று அழுத்திப் பார்த்தான். விரலுக்கடியில் சதை சுருங்கி விலகியது. உமர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

கடைக்கு மேல்தான் வீடு. மாடிப்படியில் அக்தர் பேகம் சோற்றுத் தட்டோடு நின்றாள்.

"கல்யாணப் பொண்ணு பிகு பண்றா. ஊட்டிவிட்டாலும் வாயே தொறக்க மாட்டேங்கிறா."

அவன் தாவி ஏறினான்.

கைனாத் நாற்காலியில் மருதாணிக் கைகளை விரித்து உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடித்தபடியே பேசினாள்.

"வாப்பா, மருதாணி அப்பவே காஞ்சிடுச்சு. கைதான் மடங்க மாட்டேங்குது."

விரலைப் பிடித்தான். கட்டை. ஜில்லிப்பு.

தோளை உலுக்கினான். நாற்காலியோடு சாய்ந்தாள், கைகள் விரித்தபடியே. கண்கள் மட்டும் மிரண்டு அலைந்தன. அந்தப் பார்வையை அவன் விடியற்காலையில் பார்த்திருந்தான்.

கீழே, மூடிய கடைக்குள், கொக்கிச் சங்கிலி ஆடும் சத்தம்.

அப்புறம் மூச்சு. ஓடிக் களைத்த மூச்சு. மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது.