மூன்றாம் அறை விளக்கு

மாடல் ரயிலின் தூங்கும் பெட்டியில் மூன்றாம் அறை விளக்கை அணைத்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் நோரீனின் பேச்சும் நின்றது.

டெஸ்மண்ட் முதலில் கவனிக்கவில்லை. லித்கோ ஊரில் ஜூலை மாதத்துக் குளிர்காலச் சாயங்காலம்; கார் ஷெட்டின் தகரக் கதவுக்கு அடியில் குளிர்காற்று ஊசியாய் நுழைந்துகொண்டிருந்தது; மேசை நிறைய விரிந்த மாடல் ரயில் பாதையில் எண்ணெயும் உருகிய ஈயமும் மணத்தன. சனிக்கிழமை மாடல் ரயில் கிளப் ஆட்கள் பார்க்க வருவார்கள். அதற்குள் உள்ளங்கை அகலமில்லாத பெட்டிக்குள் ஒவ்வொரு அறை விளக்கும் தனித்தனியே எரிந்து அணைய வேண்டும். இந்தக் குளிர்காலத்தில் அவருக்குப் பிடித்த பைத்தியம் அது.

கன்ட்ரோலரில் மறுபடி மூன்றை அழுத்தினார். குட்டி ஜன்னல் மஞ்சளாக எரிந்தது.

"...ஃபோன் பண்ணா உன் தங்கச்சிகிட்ட கொஞ்சம் சிரிச்சுப் பேசு, அவ்வளவுதான்."

"ஏன் நடுவுல நிறுத்தினே?"

"நான் எங்க நிறுத்தினேன்? உன் காதுல ரயில் ஓடுது."

மனைவியின் நக்கல் பழகியதுதான். சிரித்துக்கொண்டே விளையாட்டாக இன்னொரு தடவை அணைத்தார். உருளைக்கிழங்கு சீவும் சத்தம் நின்றது. குழாய்த் தண்ணீர் மட்டும் பாத்திரத்தில் விழுந்து, நிரம்பி, வழிந்து, தரையில் சொட்டியது. யாரும் குழாயை மூடவில்லை.

எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்த்தார். நோரீன் கத்தியோடு நின்றிருந்தாள். கண்கள் திறந்திருந்தன. மார்பு ஏறி இறங்கவில்லை.

ஓடிவந்து மூன்றை அழுத்தினார்.

"அட, தண்ணி வழிஞ்சு போச்சே," என்றாள் அவள்.

நேற்று செய்த காரியம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புது விளக்கின் சிப்புக்கு எண் கொடுக்கும்போது பெட்டியைத் தனித் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் அந்த எண் ஒட்டிக்கொள்ளும். கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். அவர்தான் சோம்பல்பட்டு ரயில் ஓடும் பாதையிலேயே எண்ணைக் கொடுத்தார். வேறு வண்டி எதுவும் அதில் இல்லை. நோரீன் மட்டும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் இரண்டு கம்பிகளின் மேலும் அழுந்தியிருந்தன.

எண்ணை மாற்றிவிடலாமா? மாற்றும்போது விளக்கு ஒருமுறை அணையும். திரும்ப எரியாவிட்டால்? வேண்டாம், எதையும் தொட வேண்டாம். பெட்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். பட்டனில் அணைத்தபோதும் தண்டவாளத்தில் கரண்ட் இருந்தது, அதனால்தான் அவள் திரும்பி வந்திருக்க வேண்டும்; அது ஓடிக்கொண்டே இருக்கட்டும். அவர் உயிரோடு இருக்கும்வரை.

செருப்புச் சத்தம். கதவு திறந்தது.

"சாப்பாடு ரெடி. வா."

"நீ போ. நான் வர்றேன்."

"எப்பவும் இதே பாட்டு. ராத்திரி பூரா இது எரியட்டும், கரண்ட் பில்லை உங்க தாத்தா வந்து கட்டுவாரு." அவள் கை சுவர் ஸ்விட்சுக்குப் போய்விட்டது.

"நோரீன், வேண்டாம்."

"வேண்டாமாம்."

தட்டினாள்.

எஞ்சினின் முனகல் அடங்கியது. ஸ்டேஷன் விளக்குகள் அணைந்தன. நோரீன் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"என்ன, பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறே?"

மூன்றாம் அறை இன்னும் எரிந்தது. தண்டவாளத் தூசியில் விளக்கு சிமிட்டக் கூடாதென்று அவரே வைத்த, கொஞ்சம் கரண்டைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர். சில மூச்சு நேரம் தாங்கும். அவ்வளவுதான்.

பாய்ந்து அவளைத் தள்ளி ஸ்விட்சைப் போட்டார். கன்ட்ரோலரின் திரை கறுப்பாகவே கிடந்தது. அது விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும்.

"டெஸ், உனக்கு என்ன..." குரல் இழுபட்டது. ஜன்னல் வெளிச்சம் மங்கியது. கடுகளவு ஆனது. "டெஸ், ஏன் இவ்வளவு இருட்..."

வாய் திறந்தபடி நின்றாள்.

திரை வந்தது. மூன்றை அழுத்தினார். ஜன்னல் எரிந்தது.

வாய் திறந்தபடியே இருந்தது.

அழுத்தினார். அணைந்தது. அழுத்தினார். எரிந்தது. அணைந்தது. எரிந்தது. மூன்றாம் அறையின் மஞ்சள் வெளிச்சம் அவளுடைய இமைக்காத கண்களில் வந்து வந்து போனது.