ஓட்டை வைத்த பெட்டி

ஊதுபத்திப் புகை பின்பக்கமாகப் போயிற்று. விடிகாலை ஆறரை மணி. கம்பெனி வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது, கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது, காற்று என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் டேஷ்போர்டுப் பிள்ளையார் முன்னால் கொளுத்திய பத்தியின் புகை, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பி, டிரைவர் பேச்சிராஜின் காதை உரசிக்கொண்டு போய்க் கடைசி சீட்டுக்கு அடியில் மறைந்தது. சற்றுக் கழித்துத் திரும்பியும் வந்தது.

அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று ஷிப்டுக்கும் ஆள் ஏற்றுகிறவனுக்கு எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தெம்பு கிடையாது. போன வாரம் ஒரகடம் ரோட்டில் கண் திறந்தபடியே தூங்கி, ஏரிக்கரைக் கல்லில் டயர் மோதித்தான் விழித்தான். பின்னால் பதினொரு பெண்கள். ஒருத்திக்கும் தெரியாது. அன்றைக்கே படப்பையில் கோபாலின் கார் செட் கடைக்குப் போனான்.

கோபால் இரண்டு ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டிகளை நகர்த்தி வைத்தான். "இது மூடுன பொட்டி. அளவா அடிக்கும். இது ஓட்ட வச்சது, பழசு. அது வழியா மூச்சு வுட்டுகினு அடிக்கும் அண்ணாத்தே, நெஞ்சுக்கூடு ஆடும். எந்த வண்டில கழட்டுனதுன்னு மட்டும் கேக்காத."

"வண்டியவா கேட்டேன்? தூக்கம் வராதுல்லா?"

"வரவே வராது."

கோபால் பாட்டைப் போட்டு, ஓட்டைக்கு நேராக ஊதுபத்தியைக் காட்டினான். புகை துள்ளியது. "பாட்டு நின்னா பொகையும் ஆடாம நிக்கணும். அப்பத்தான் பொட்டி ஒழுங்கு."

ஓட்டை வைத்ததையே கடைசி சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு வந்தான். சொன்னது பலித்தது. நான்கு நாளாகத் தூக்கமே இல்லை. ரூமில் போய்ப் படுத்தாலும் இல்லை. அந்தப் பெண்கள்தான், அத்தனை அதிர்விலும், ஏறிய உடனே தூங்கிப்போனார்கள்.

இன்றும் பதினொரு பேர் ஏறினார்கள். கடைசி சீட்டில் மாடத்தி.

"அண்ணாச்சி, பெட்டி வெதுவெதுன்னு இருக்கு. காலுக்கு நல்லாருக்கு."

"செட்டே போடலயே, தாயி."

அதற்குள் தூங்கிவிட்டாள்.

பனியில் லாரி வரிசையையும் கம்பெனிச் சுவர்களையும் தாண்டி, ஈர மண் வாடையும் கிரீஸ் வாடையும் மாறி மாறி வர, வேன் ஏரிக்கரைக்கு வந்தபோது முதுகில் மெல்ல ஓர் அதிர்வு தட்டியது. செட்டை அணைக்கக் கை நீட்டினான். அணைந்துதான் இருந்தது. நிறுத்தினான். இறங்கிப்போய்ப் பேட்டரி வயரைப் பிடுங்கினான்.

தட்டியது.

பின்கதவைத் திறந்தான். ஊஃபரின் கறுப்புக் கூம்பு உள்ளே போயிற்று. புகையும் போயிற்று. பதினொரு நெஞ்சும் தாழ்ந்தன.

கூம்பு வெளியே வந்தது. புகை வந்தது. பதினொன்றும் ஏறின.

"ஏட்டி மாடத்தி! எந்திரி!"

உலுக்கினான். தலை சரிந்தது. கூம்பு மறுபடி உள்ளே போயிற்று. ஓட்டைதானே? மூடிவிட்டால் மூடின பெட்டி. தோள்துண்டைச் சுருட்டி அதில் திணித்தான்.

நின்றது.

தாழ்ந்த நெஞ்சுகள் ஏறவில்லை.

துண்டை இழுத்தான். உள்ளிருந்தும் இழுத்தது. நிதானமாக. முழம் முழமாக. கடைசிக் குஞ்சமும் போயிற்று. ஓட்டைக்குள் கையை விட்டான். உள்ளே துண்டு இல்லை. அடிப்பலகையும் இல்லை. வெதுவெதுப்பு மட்டும்.

பதினொரு பேரும் சாய்ந்தது சாய்ந்தபடி.

முன்னால் பிள்ளையாருக்கு நேரே புகை ஆடாமல் நின்றது.

பேச்சிராஜுக்குத் தூக்கம் வரவே இல்லை.