உருளையில் ஒட்டிய தாள்

"இந்த மெஷின் உங்களுக்கு வேண்டாம்."

விற்க உட்கார்ந்தவனே இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? பாதி நனைந்து வந்திருந்தாள் அவள். வெளியே விடாத தூறல். கையில், அவளே வரைந்த ரோஜா. வீட்டில் காய்ச்சும் சோப்புக்கு லேபிள்.

"நான் கேட்டது இங்க்ஜெட் பிரிண்டர். அதுலதானே கலர் நல்லா வரும்?"

"பிரமாதமா வரும். ஆனா நீங்க விக்கிறது சோப்பு. ஈரக்கை படும். லேசர் எடுங்க."

"கலரைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க. வரைஞ்சதே நான்தான்."

கடைக்காரன் அவள் கையிலிருந்த படத்தை வாங்கினான். ரோஜாவை இரண்டு மெஷினிலும் அச்சடித்தான். இரண்டு தாள்களையும் வாசலுக்கு வெளியே நீட்டினான். இங்க்ஜெட் ரோஜா கரைந்து அவன் விரலில் வழிந்தது. லேசர் ரோஜா கொஞ்சம் மங்கல்தான்... ஆனால் அசையவில்லை.

அவள் நிமிர்ந்தாள். அவன் தாளைப் பார்க்கவில்லை, மழையையும் பார்க்கவில்லை. அந்தக் கண்கள்... சே, என்ன பார்வை இது!

"லேசரே கட்டிக் கொடுங்க" என்றாள் அவசரமாக.

வீட்டில் அண்ணன் விடவில்லை. "இங்க்ஜெட்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னவ! மனசை மாத்தினது மழையா, கடைக்காரனா?"

"போண்ணா! மெஷின் என் பொறுப்பு. நீ சோப்பை மட்டும் வெட்டு."

மூன்று நாள் கழித்து ஒரு ஹோட்டலின் முதல் ஆர்டர். இருநூறு சோப்பு, சாயங்காலம் ஐந்து மணிக்குள். பிடித்துப்போனால் மாதாமாதம் கேட்பார்கள். தவறினால் அதோடு சரி.

ரோஜாவின் மங்கல்தான் அவளை உறுத்தியது. இங்க்ஜெட்டுக்கென்று முன்பே வாங்கிவைத்த பளபளப்புத் தாள் அலமாரியில் இருந்தது. இதில் அடித்தால் மினுமினுக்குமே... எடுத்துப் போட்டாள்.

இரண்டாவது தாளில் கருகல் வாடை. மெஷின் ஒருமுறை முனகி நின்றது. திறந்து பார்த்தால், தாள் உருகி உள்ளேயிருந்த சூடான உருளையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவனைக் கூப்பிடுவதா? பாடம் எடுக்காதே என்று சொன்ன வாயாலா? போனை எடுத்தாள், வைத்தாள். மணி பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று.

"உன் ரோஷத்தை ஒட்டி அனுப்பலாமா, லேபிளுக்குப் பதிலா?" என்றான் அண்ணன்.

கூப்பிட்டாள்.

கால் மணி நேரத்தில் கையில் பையோடு வந்துவிட்டான். உருளை ஆறும்வரை காத்திருந்தான். பிறகு நகம் படாமல், இழை இழையாக உரித்தான்.

"தப்பு என்னோடதுதான். திட்டறதுன்னா திட்டிடுங்க."

"இல்லங்க, என்னோடது." அவன் நிமிரவில்லை. "லேசர் வாங்குற எல்லார்கிட்டயும் நான் முதல்ல சொல்றதே இதுதான். இங்க்ஜெட் பளபளப்புத் தாளை இதுல போடாதீங்க, உருகிடும்னு. அஞ்சு வருஷத்துல ஒருத்தருக்குக்கூட சொல்லாம விட்டதில்ல."

"என்கிட்ட சொல்லலையே?"

"சொல்லல..."

"ஏன்?"

சாதாரணத் தாளை அடுக்கினான், பொத்தானை அமுக்கினான். முதல் லேபிள் இளஞ்சூட்டோடு வெளியே வந்தது.

"அன்னிக்கு உங்க முன்னாடி... என்ன பேசணும்னே மறந்துபோச்சு. நீங்க போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. மூணு நாளா போனை எடுக்கறேன். பேசினா, குரல்லயே எல்லாம் தெரிஞ்சிடும்னு வச்சிடறேன்."

பக்கத்து அறையில் அண்ணன் சோப்பு வெட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

அவள் லேபிளை வாங்கிக்கொண்டாள். முகம் சுட்டது. அவன் பையை எடுத்துவிட்டான். சொல்லாமல் விட்டால் போய்விடுவான்... நிச்சயம் போய்விடுவான்.

"நானும்தான்..." என்றாள், லேபிளைப் பார்த்துக்கொண்டே. "இந்த மெஷின் ஒரு தடவையாவது மக்கர் பண்ணாதான்னு மூணு நாளா பார்த்துட்டே இருந்தேன். உங்களைக் கூப்பிட ஒரு சாக்கு கிடைக்குமேன்னு."

அவன் பையைக் கீழே வைத்தான். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, லேபிள்களை அடுக்க உட்கார்ந்தான்.